சனிக்கிழமை வருமானத்துக்கு வரி பிடிப்பது யார்? அமெரிக்காவில் சைடு வருமானமும் அதன் மீது விழும் வரிகளும்

அமெரிக்காவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களில் பலருக்குத் தாங்கள் வருடத்துக்கு எவ்வளவு வரி கட்டுகிறோம் என்று சட்டெனச் சொல்லத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வருவதில்லை. சம்பளம் போடும்போதே கம்பெனி பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வங்கியில் போட்டுவிடுகிறது. ஏப்ரலில் கணக்கு முடித்து ரீஃபண்ட் வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட 1943ல் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன்னால் போன வருட வரியை இந்த வருடம் தவணையாகக் கட்டுவார்கள். போரின்போது அது அரசுக்குச் சரிப்பட்டு வரவில்லை. சம்பளம் கைக்கு வரும் முன்பே வரியை எடுத்துவிடும் பழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை நிற்கிறது.

சைடு வருமானத்தில் பிடிப்பதற்கு ஆள் கிடையாது. வார இறுதியில் வெப்சைட் செய்து கொடுத்தாலும், கணக்கு டியூஷன் எடுத்தாலும், நாட்டிய வகுப்பு நடத்தினாலும் பேசிய தொகை முழுசாகக் கைக்கு வந்துவிடும். முழுசாக வந்ததை முழுசாக நம்முடையது என்று நினைத்துச் செலவழித்தவர்கள்தான் அடுத்த ஏப்ரலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் திருமணமாகாத ஒரு பெண். 2025ல் வேலையில் 90,000 டாலர் சம்பளம். சனிக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்பு. பெற்றோர்கள் கொடுத்த ஃபீஸ் வருடத்தில் 14,000 டாலர். ஹால் வாடகை, ஸ்பீக்கர், இன்சூரன்ஸ் என்று 4,000 செலவு. ஆக நிகர லாபம் 10,000 டாலர். ஷெட்யூல் சி என்ற படிவத்தில் இந்தக் கழித்தல் நடக்கிறது. இனி எல்லா வரியும் இந்தப் பத்தாயிரத்தைத்தான் சுற்றி வரும், அவர் வாங்கிய 14,000ஐ அல்ல.

முதலில் கை நீட்டுவது வருமான வரி இல்லை. செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ், சுயதொழில் வரி. ஆளை அசத்துவதும் இதுதான், ஏனென்றால் சம்பளக்காரர்களுக்கு இந்தப் பெயரே பரிச்சயமில்லை. உள்ளே பார்த்தால் பழைய ஆள்தான்: அரசு ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும். சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2, மெடிகேருக்கு 1.45 என்று மொத்தம் 7.65 சதவீதம் பிடித்திருப்பார்கள். அதே அளவை முதலாளியும் தன் பங்காகத் தனியே கட்டுகிறார், அது நம் கண்ணில் படுவதில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு முதலாளியும் நாம்தான், தொழிலாளியும் நாம்தான். அதனால் இரண்டு பங்கும் சேர்த்து 15.3 சதவீதம் நம் தலையில்.

அந்த 15.3ஐப் பத்தாயிரத்தின் மேல் அப்படியே போடுவதில்லை. முதலாளியின் பங்கான 7.65 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதி 92.35 சதவீதத்தின் மேல்தான் போடுகிறார்கள். சம்பளக்காரருக்கு முதலாளி கட்டும் பங்கு சம்பளக் கணக்கில் சேராதே, அதற்கு ஈடு இது. ஆக 9,235 டாலருக்கு 15.3 சதவீதம்: 1,413 டாலர். வருமான வரியில் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற நிலையான கழிவு இந்த வரியைத் தொடாது. வருமான வரியே வராத அளவு சின்ன வருமானக்காரருக்கும் சுயதொழில் வரி உண்டு. வருடத்துக்கு நிகர சுயதொழில் வருமானம் 400 டாலரை எட்டினாலே கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது. சுயதொழில்காரர்களை 1951ல் சோஷியல் செக்யூரிட்டிக்குள் கொண்டுவந்தபோது வைத்த வரம்பு அது. விலைவாசிக்கு ஏற்ப அதை யாரும் ஏற்றவில்லை. அன்றைக்கு 400 டாலர் நல்ல பணம், இன்றைக்கு இரண்டு குழந்தைகளின் சில மாத ஃபீஸ்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டிக்கான 12.4 சதவீதத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025ல் அது 176,100 டாலர், 2026ல் 184,500. சம்பளமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் சைடு வருமானத்தின் மேல் அந்தப் பங்கு விழாது, மெடிகேரின் 2.9 மட்டும்தான். 2025ல் 200,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒருவர் அதே பத்தாயிரம் சைடில் சம்பாதித்தால் பெரிய வருமானத்துக்கு மேலும் விழும் 0.9 சதவீத மெடிகேர் வரியையும் சேர்த்து 350 டாலர் போலக் கட்டுவார். தொண்ணூறாயிரம் வாங்குபவர் கட்டுவது 1,413. நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, சட்டம் அப்படித்தான்.

இந்த உச்சவரம்பு ஆளுக்கு ஆள் தனி. கணவருக்குப் பெரிய சம்பளம், மனைவி எச்-4 என்ற குடும்பத்தினர் விசாவில் வேலை அனுமதி வாங்கி வீட்டிலிருந்து ஃப்ரீலான்ஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்தே ரிட்டர்ன் போடுகிறார்கள். 'அவர் சம்பளத்தில்தான் சோஷியல் செக்யூரிட்டி முழுசாகப் பிடித்தாகிவிட்டதே' என்பது இங்கே செல்லாது. மனைவியின் லாபத்துக்கு முதல் டாலரிலிருந்து 15.3 உண்டு. ஆனால் அதில் அவருக்கு ஒரு வரவும் இருக்கிறது. ஓய்வூதியத் தகுதிக்கு 40 கிரெடிட் வேண்டும், வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. 2025ல் 1,810 டாலருக்கு ஒரு கிரெடிட். 9,235 டாலர் கணக்கு காட்டினால் அவர் பெயரில் நான்கும் ஏறிவிடும். ஏற்கெனவே சம்பளத்தில் கிரெடிட் சேர்ந்துகொண்டிருக்கும் சாக்ரமெண்டோ பெண்ணுக்கு அதில் புதிதாக எதுவும் கிடைக்காது.

விசா பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு வெளியே ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்க அனுமதி கிடையாது. 'வரி கட்டிவிட்டேன், அதனால் சட்டப்படி சரிதான்' என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வரித்துறைக்கு வருமானம்தான் கணக்கு. வேலை செய்யலாமா கூடாதா என்பது குடிவரவுச் சட்டத்தின் கேள்வி. ஒன்றைச் சரி செய்வது மற்றதைச் சரி செய்யாது.

சரி, வருமான வரிக்கு வருவோம். இங்கே சைடு வருமானத்துக்கென்று தனி விகிதம் இல்லை. சம்பளத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கீழ்ப்படிகளையெல்லாம் சம்பளம் நிரப்பிவிட்டதால் சைடில் வந்த முதல் டாலரே மேல்படியில் ஏறுகிறது. நம் ஆளுக்கு 90,000த்தில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 15,750 போக 74,250. அந்த இடத்தில் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், விகிதம் 22 சதவீதம். இந்தப் படியைத்தான் பிராக்கெட் என்பார்கள்.

ஆனால் பத்தாயிரம் முழுவதும் அந்த 22க்குள் போகாது, நடுவில் இரண்டு கழிவுகள் இருக்கின்றன. கட்டிய சுயதொழில் வரியில் பாதி, 706 டாலர், முதலில் கழிகிறது. மிச்சமுள்ள 9,294ல் 20 சதவீதம் இன்னொரு கழிவு. 2017ல் வந்த சட்டம் சின்னத் தொழில்களுக்குக் கொடுத்தது இது. 2025 முடிவில் காலாவதியாக வேண்டியதை அந்த வருடமே நிரந்தரமாக்கிவிட்டார்கள். வருமானம் மிக உயரப் போனால் இதில் கட்டுப்பாடுகள் வரும், நம் கணக்குக்கு அது வேண்டாம். 1,859 கழிந்து 7,435 மிஞ்சுகிறது. அதற்கு 22 சதவீதம் 1,636 டாலர்.

ஃபெடரல் கணக்கு இதோடு முடிந்தது: 1,413ம் 1,636ம் சேர்த்து 3,049. இனி மாநிலம்.

அமெரிக்காவில் நவீன மாநில வருமான வரி, இன்றைய ஃபெடரல் வருமான வரியைவிட இரண்டு வயது மூத்தது. விஸ்கான்சின் 1911ல் தொடங்கியது, ஃபெடரல் அரசு அரசியல் சட்டத்தைத் திருத்திக்கொண்டு 1913ல் வந்தது. மாநிலங்கள் ஃபெடரல் படிவத்திலிருந்து எண்ணை எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் எந்தக் கழிவை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது அவரவர் இஷ்டம். கலிஃபோர்னியா சுயதொழில் வரியின் பாதியைக் கழிக்க விடுகிறது, 20 சதவீதக் கழிவை ஏற்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களும் அதை ஏற்பதில்லை. ஆகவே மாநிலத்துக்கு 9,294 முழுவதும் வருமானம். நம் ஆள் நிற்கும் படியில் விகிதம் 9.3 சதவீதம். 864 டாலர்.

மொத்தம் 3,913 டாலர். பத்தாயிரம் லாபத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்பது போய்விட்டது. 'எனக்கு 22 சதவீத பிராக்கெட்தானே' என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. பொய் சொன்னது யாருமில்லை. பிராக்கெட் என்பது மூன்று வரிகளில் ஒன்றின் பெயர் மட்டுமே.

அதே ஆளை, அதே சம்பளத்தோடும் அதே வகுப்போடும், நியூ ஜெர்சியின் எடிசனுக்கு மாற்றுவோம். அங்கே அவர் படிக்கு விகிதம் 6.37. ஆனால் நியூ ஜெர்சி சுயதொழில் வரியின் பாதியைக்கூடக் கழிக்க விடாது. பத்தாயிரத்துக்கும் வரி, 637 டாலர். அதைவிடக் கவனிக்க வேண்டியது நஷ்டம். தொழில் ஆரம்பித்த வருடம் லேப்டாப், கேமரா என்று வாங்கிப்போட்டு 3,000 டாலர் நஷ்டம் என்றால் ஃபெடரல் கணக்கில் அதைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நியூ ஜெர்சியில் முடியாது, பென்சில்வேனியாவிலும் முடியாது. இந்த இரண்டு மாநிலங்களும் வருமானத்தை வகைவகையாகப் பிரித்து வைத்து, ஒரு பெட்டியின் நஷ்டம் இன்னொரு பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்கின்றன. வரி மென்பொருளில் ஃபெடரல் ரீஃபண்ட் எகிறி, மாநில ரீஃபண்ட் மட்டும் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு இதுதான் விளக்கம்.

ஹூஸ்டனுக்கு மாற்றினால் மாநில வரி பூஜ்யம். டெக்சஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, நியூ ஹாம்ப்ஷயர், சவுத் டகோட்டா, வயோமிங், அலாஸ்கா என்ற ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கோ இந்த மாதிரித் தொழில் லாபத்துக்கோ தனிநபர் வருமான வரி இல்லை. 'டெக்சஸில் வரியே இல்லை' என்று பேசிக்கொள்வது பாதி உண்மை. 3,049 டாலர் ஃபெடரலுக்கு அங்கேயும் போகும், சுயதொழில் வரிக்கு மாநில எல்லை கிடையாது. வாஷிங்டனில் வருமான வரி இல்லாவிட்டாலும் பி அண்ட் ஓ என்ற தொழில் வரி இருக்கிறது. அது லாபத்தைப் பார்ப்பதில்லை, வந்த மொத்தத் தொகையைப் பார்க்கிறது. சின்ன அளவில் செய்பவர்களுக்குச் சலுகை இருப்பதால் பலருக்குக் கட்ட வேண்டியது எதுவும் வராது. ஆனால் சியாட்டிலில் உட்கார்ந்துகொண்டு நஷ்டத்தில் ஓடும் பெரிய தொழிலுக்கும் வரி வரும்.

மாநிலத்துக்குக் கீழே ஊர்களும் இருக்கின்றன. நியூயார்க் நகரவாசிகளுக்கு நகர வருமான வரி தனியே உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கு நகரத்தின் தொழில் வரிகள் இரண்டு. அதில் ஒன்றில் முதல் ஒரு லட்சம் டாலர் வரவுக்கு இருந்த விலக்கை 2025 வரியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதுவரை அந்தப் பக்கமே போகாத சின்ன ஃப்ரீலான்சர்களும் இப்போது கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. சைடு தொழில் தொடங்கும் முன் மாநில இணையதளத்தோடு நகராட்சி இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வாடிக்கையாளர் வேறு மாநிலத்தில் இருந்தால்? நாம் வசிக்கும் மாநிலம் நம் எல்லா வருமானத்தையும் கேட்கும். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காது. வேறொரு மாநிலமும் பங்கு கேட்டால் அங்கே கட்டியதற்கு சொந்த மாநிலம் பொதுவாகக் கழிவு தரும். கடைசியில் இரண்டில் அதிகமான விகிதத்தைக் கட்டியதாக முடியும். பெரும்பாலும் வேலை எங்கே நடந்ததோ அந்த மாநிலத்துக்குத்தான் உரிமை. கலிஃபோர்னியா இதில் வேறு வழி வைத்திருக்கிறது. சேவையின் பலன் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கிறது. அரிசோனாவில் தன் வீட்டிலிருந்து திரைக்கதை எழுதி கலிஃபோர்னியா நிறுவனங்களுக்குக் கொடுத்த ஒருவருக்கு கலிஃபோர்னியா வரி கேட்டது, 2019ல் அந்த மாநிலத்தின் வரி மேல்முறையீட்டு அமைப்பும் வரித்துறை பக்கமே நின்றது. எழுதியபோது அவர் அந்த மாநிலத்தில் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே 'அவரவர் ஊரில் கட்டினால் போதும்' என்ற ஒப்பந்தம் இருக்கிறதே என்பவர்களுக்கு: அது சம்பளத்துக்கு மட்டும். ஃப்ரீலான்ஸ் லாபத்துக்கு அது உதவாது.

இந்தியாவில் இருக்கும் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து வேலை செய்து கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பணம் சென்னை வங்கிக் கணக்கிலேயே இருந்தாலும் அமெரிக்கக் கணக்கில் அது வருமானம். அங்கே பிடித்த வரியைக் காட்டி இங்கே வருமான வரியில் கழிவு கேட்க சில சமயங்களில் வழி இருக்கலாம், சுயதொழில் வரியில் கேட்க முடியாது. சோஷியல் செக்யூரிட்டி விஷயத்தில் இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை.

அப்புறம் 1099. இந்த எண்ணைச் சுற்றித்தான் எத்தனை வதந்தி! ஃப்ரீலான்சருக்கு 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த நிறுவனம் 1099-என்இசி என்ற படிவத்தை அனுப்ப வேண்டும் என்பது நெடுநாள் விதி. 2026ல் கொடுக்கும் பணத்திலிருந்து அந்த வரம்பு 2,000 டாலர். பேபால், வென்மோ போன்ற பணப் பரிமாற்றச் செயலிகள் அனுப்பும் 1099-கே படிவத்தின் வரம்பை 600க்கு இறக்குவதாக 2021ல் சட்டம் போட்டு, வருடா வருடம் தள்ளிப்போட்டு, 2025ல் பழையபடி 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்டினால்தான் என்று திரும்பிவிட்டார்கள். மாசசூசெட்ஸ், வர்ஜீனியா மாதிரி சில மாநிலங்கள் தங்களுக்கென்று குறைந்த வரம்பு வைத்திருக்கின்றன. வங்கியிலிருந்து வங்கிக்கு நேராக அனுப்பும் ஸெல்லில் வரும் பணத்துக்கு 1099-கே வருவதே இல்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'பேப்பர் வராத பணத்துக்கு வரி இல்லை' என்று முடிவு கட்டுகிறார்கள். படிவம் என்பது கொடுத்தவர் அரசுக்குச் சொல்லும் தகவல், வரி வருமானத்துக்கு. குழந்தைகளின் பெற்றோர் கொடுத்த ஃபீசுக்கு எந்தப் படிவமும் வராது. 14,000 டாலர் 14,000 டாலர்தான்.

செலவுக் கணக்கில் கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் இங்கே சேமிக்கும் ஒவ்வொரு டாலரும் மூன்று வரியிலும் சேர்ந்து குறைகிறது. சாக்ரமெண்டோ பெண் 100 டாலர் ரசீதைத் தொலைத்தால் 39 டாலர் தொலைத்த மாதிரி. வகுப்புக்கு மட்டும் பயன்படும் அறை வீட்டில் இருந்தால் சதுர அடிக்கு 5 டாலர் வீதம் 300 சதுர அடி வரை கழிக்கலாம். மட்டும் என்பதுதான் முக்கியம். காலையில் வகுப்பும் மாலையில் டிவியும் என்றால் கிடையாது. தொழிலுக்காகக் கார் ஓட்டினால் 2025ல் மைலுக்கு 70 சென்ட், தேதியும் தூரமும் எழுதி வைத்திருக்க வேண்டும். அரங்கேற்றத்தில் போடும் நாட்டிய உடை செலவுக் கணக்கில் வரும். அதே மேடையில் நட்டுவாங்கத்துக்கு உட்காரும்போது கட்டிய காஞ்சிபுரம் பட்டு வராது, வெளியிலும் கட்டக்கூடிய துணி என்பதால். கல்யாணத்துக்கு அதைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம், நம்புவதற்கு ஆள் கிடைக்காது. வருடா வருடம் நஷ்டமே காட்டினால் இது தொழில் இல்லை, பொழுதுபோக்கு என்று ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லிவிட்டால் வரவுக்கு வரி உண்டு, செலவுக்குக் கழிவு இல்லை.

இனி எப்போது கட்டுவது என்ற கேள்வி. ஏப்ரல் 15 என்று காத்திருந்தால் அபராதம் வரலாம். பிடித்தம் போக 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் ஃபெடரலுக்குப் பாக்கி வரும் என்றால் வருடத்துக்குள்ளேயே நான்கு தவணையாகக் கட்டச் சொல்கிறார்கள். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. காலாண்டு என்று பேர், ஆனால் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இரண்டே மாதம். கலிஃபோர்னியா இதற்கும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 30 சதவீதம், 40 சதவீதம், செப்டம்பரில் ஒன்றுமில்லை, ஜனவரியில் 30. அங்கே 500 டாலர் பாக்கியிலேயே விதி தொடங்கிவிடும்.

அபராதம் என்ற சொல் பயமுறுத்துகிறது, உண்மையில் அது வட்டி மாதிரி. 2025 முழுவதும் ஃபெடரல் விகிதம் ஆண்டுக்கு 7 சதவீதம். தப்பிக்க ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. போன வருட மொத்த வரி எவ்வளவோ அவ்வளவு இந்த வருடம் பிடித்தமாகவோ தவணையாகவோ போயிருந்தால், சைடில் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் ஃபெடரல் அபராதம் இல்லை. போன வருட வருமானம் 150,000 தாண்டியிருந்தால் அதில் 110 சதவீதம் போயிருக்க வேண்டும். மிச்சத்தை ஏப்ரலில் மொத்தமாகக் கட்டலாம், அந்தப் பணம் கையில் இருந்தால்.

சம்பள வேலையும் இருப்பவர்களுக்குத் தவணையே தேவையில்லை என்பது என் கட்சி. கம்பெனியில் கொடுத்திருக்கும் டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) என்று ஒரு கட்டம் இருக்கும், ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று எழுத. தவணை தாமதமானால் தாமதம்தான். ஆனால் சம்பளத்தில் பிடித்ததை எந்த மாதம் பிடித்தாலும் வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே ஐஆர்எஸ் எடுத்துக்கொள்ளும். செப்டம்பரில் விழித்துக்கொண்டவர்கூட மிச்ச சம்பளங்களில் அதிகமாகப் பிடிக்கச் சொல்லிச் சரிக்கட்டலாம். கலிஃபோர்னியாவுக்கு இதே வேலையைச் செய்ய டிஇ 4 என்று தனிப் படிவம் இருக்கிறது.

சாக்ரமெண்டோ பெண்ணுக்கு வருடத்தில் 26 சம்பளம். 3,049ஐ 26ஆல் வகுத்து 118 என்று டபிள்யூ-4லும், 864ஐ வகுத்து 34 என்று டிஇ 4லும் எழுதிக் கொடுத்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வருவது 152 டாலர் குறையும். சனிக்கிழமைப் பணத்துக்கும் வரி பிடிக்க ஆள் வந்தாயிற்று.